வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் வைக்கிறோம்: கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டும் தாளில் என்ன இருக்கணும்? (வடசென்னை)

1 | தெருச்சங்கம்_தண்டையார்பேட்டை

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, புற்றுநோய் என்று டிஸ்சார்ஜ் ஆகி வருபவர்களுக்கு ஏஜென்சி வழியாக ஆள் வைக்கும் குடும்பங்கள் கூடிவிட்டன. ஏஜென்சி கொடுக்கும் ஒப்பந்தத்தில் சம்பளம், லீவு, அட்வான்ஸ் எல்லாம் தெளிவாக இருக்கும். நள்ளிரவில் படுக்கைப் புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது யார், இன்சுலின் போடுவது யார், மூக்குக் குழாய் நழுவினால் யாருக்குப் போன் போடுவது என்பதெல்லாம் இருக்காது.

சங்கம் சார்பில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்கப் போகிறோம். கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டுவதற்கு. ஒரே பக்கம்தான். மாதிரிக்கு இப்படி ஒரு நோயாளியை வைத்துக்கொள்ளுங்கள்: 70 வயதைத் தாண்டியவர், வலது கை கால் வரவில்லை, மூக்குக் குழாயில் ஆகாரம், யூரின் டியூப், இன்சுலின், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஏஜென்சியிடம் எதைக் கேட்க வேண்டும், எது எங்கே தப்பாகும், ஏன் தப்பாகும்? தெரிந்தவர்கள் தாளில் அப்படியே ஏற்றுகிற மாதிரி எழுதினால் பெரிய உதவி.

2 | வார்டுசிஸ்டர்

முதல் வேலையா "ஹோம் நர்ஸ்" என்ற வார்த்தையைத் தாளிலிருந்து எடுத்துடுங்க. அந்தப் பேரில் யார் வேணும்னாலும் வரலாம். நர்ஸ் என்றால் ஏ.என்.எம். (2 வருஷம்), ஜி.என்.எம். (3 வருஷம்), பி.எஸ்ஸி. நர்சிங் (4 வருஷம்) இதில் ஒன்றை முடிச்சு, நர்சிங் கவுன்சிலில் பதிவு பண்ணியிருக்கணும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க, நம்பரை எழுதி வைங்க. மற்றவங்க அட்டெண்டர். அதில் குறைவு ஒண்ணும் இல்லை. நல்ல அட்டெண்டர் இருந்தால்தான் நோயாளி பிழைப்பாங்க. ஆனால் இரண்டு பேரும் செய்யும் வேலை வேற வேற.

அட்டெண்டர் செய்ய வேண்டியது: குளிப்பாட்டுவது அல்லது துடைத்து எடுப்பது, வாய் சுத்தம், டயபர் மாற்றுவது, புரட்டிப் படுக்கவைப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, யூரின் பேகைக் காலி பண்ணி அளவு எழுதுவது. அட்டெண்டர் தொடவே கூடாதது: மூக்குக் குழாய் போடுவது, கதீட்டர் (யூரின் டியூப்) மாற்றுவது, நரம்பு ஊசி, தொண்டைத் துளையில் சக்‌ஷன் (சளி உறிஞ்சுவது), ஆழமான புண்ணுக்கு டிரஸ்ஸிங். இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கு. ஏற்கெனவே போட்டிருக்கும் குழாயில் ஆகாரம் விடுவது, சுகர் பார்ப்பது இரண்டும் அதில் வரும். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே அட்டெண்டரை வார்டுக்கு வரவழைங்க. சிஸ்டர் ஒரு தடவை செய்து காட்டணும். அடுத்த தடவை அவங்க செய்யணும், சிஸ்டர் பக்கத்தில் நின்னு பார்க்கணும். பார்த்த சிஸ்டர் தேதி போட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அந்த வேலையை அவங்களிடம் விடலாம். அந்த வரி இல்லாமல் "பத்து வருஷ அனுபவம்" என்று ஏஜென்சி சொல்வதை நம்பி விடாதீங்க.

3 | மேற்பார்வை_மாதவரம்

ஏஜென்சி பக்கம் ஆள் பிரிக்கும் வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் கேள்வி கேட்பது சுலபம். போன் போட்டதும் "நாளைக்கே ஆள் வரும்" என்று சொன்னால், நோயாளியைப் பார்க்காமலே அனுப்புகிறார்கள் என்று அர்த்தம். ஒழுங்கான இடத்தில் முதலில் ஒரு நர்ஸோ மேற்பார்வையாளரோ வீட்டுக்கோ வார்டுக்கோ வந்து பார்ப்பார்கள். எடை எவ்வளவு, எத்தனை குழாய், புண் இருக்கிறதா, நினைவு தெளிவாக இருக்கிறதா, மாடிப்படி எப்படி, கழிவறை எங்கே என்று எழுதிக்கொண்டு போவார்கள். 80 கிலோ நோயாளிக்கு 45 கிலோ எடையுள்ள பெண்ணைத் தனியாக அனுப்புவது இந்தப் பார்வை இல்லாததால்தான் நடக்கிறது. இரண்டு பேருக்கும் முதுகு போகும், இல்லையென்றால் ஒருவர் விழுவார்.

ஒப்பந்தத்தில் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: மேற்பார்வையாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரில் வருவார் (முதல் வாரம் இரண்டு தடவையாவது வேண்டும்), ஆள் திடீரென்று நின்றால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள், மாற்று ஆளுக்குப் பொறுப்பு ஒப்படைப்பது யார். இந்தக் கடைசிதான் எல்லாரும் விடுவது. பழைய ஆள் காலை 8 மணிக்குக் கிளம்பி, புது ஆள் 10 மணிக்கு வந்தால் நடுவில் ஒப்படைப்பே கிடையாது. அரை மணி நேரமாவது இரண்டு பேரும் கட்டில் பக்கத்தில் சேர்ந்து நிற்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆதார் நகல், சொந்த ஊர் முகவரி, அவசரத்துக்கு அவர் வீட்டு நம்பர், போலீஸ் சரிபார்ப்புச் சான்று இவை நான்கும் உங்கள் கையில் இருக்கட்டும். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வேலையாள் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஏஜென்சி "நாங்கள் பார்த்துவிட்டோம்" என்றால் தேதியோடு நகல் கேளுங்கள்.

அடுத்தது 24 மணி நேர ஆள். இரவு 10, 12, 2, 4, காலை 6 என்று ஐந்து முறை புரட்ட வேண்டும் என்றால் அவர் எப்போது தூங்குவார்? இரண்டு நாள் தாங்கும். மூன்றாவது நாள் விடியற்காலை அவரே அசந்துவிடுவார். நோயாளி கட்டிலிலிருந்து விழுவதும், மாத்திரை மாறிப் போவதும் இந்த நேரத்தில்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டிய நோயாளிக்கு 24 மணி நேரத்துக்கு ஒரே ஆள் என்ற ஏற்பாடு பாதுகாப்பானது இல்லை.

4 | பொன்னேரி_ஹைரோடு

மேற்பார்வை சார், இரண்டு ஷிஃப்ட் ஆள் வைக்க எத்தனை வீட்டால் முடியும்? இங்கே பாதி வீட்டில் ஒரு ஆளுக்கே கடன். "பாதுகாப்பானது இல்லை" என்று தாளில் போட்டுவிட்டால் அந்த வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்?

5 | வார்டுசிஸ்டர்

நியாயமான கேள்வி. ராத்திரி நேரத்தை எப்படிப் பிரிக்கலாம்னு பார்ப்போம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது சாதாரண மெத்தையில் படுத்த, தானாக அசைய முடியாத நோயாளிக்கு. தோல் முழுசா நல்லா இருந்து, நல்ல அழுத்தம் குறைக்கும் மெத்தையும் இருந்தால் டாக்டரைக் கேட்டு ராத்திரி மட்டும் நாலு மணி நேரம் வரை நீட்டலாம். அப்போ 10, 2, 6 என்று மூணு தடவைதான். 10 மணிக்கும் 6 மணிக்கும் அட்டெண்டர், 2 மணிக்கு வீட்டில் ஒருத்தர் அலாரம் வச்சு எழுந்திருக்கணும். அட்டெண்டருக்கு இடையில் தொடர்ந்து தூக்கம் கிடைக்கும். ஆனால் காலையில் பார்க்கும்போது ஒரு இடத்தில் சிவப்பு தெரிஞ்சாலும், அன்னிக்கு ராத்திரியே இரண்டு மணி நேரக் கணக்குக்குத் திரும்பிடணும்.

அந்தக் "காலையில் பார்ப்பது" எப்படின்னு தாளில் விவரமா போடுங்க. வால் எலும்பு, இரண்டு குதிகால், இடுப்பு எலும்பு, கணுக்கால், காது மடல், தலையின் பின்பக்கம். நிறம் மாறின இடத்தை விரலால் மூணு விநாடி அழுத்தி எடுங்க. வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் ரத்த ஓட்டம் இருக்கு. வெளுக்கவே இல்லைன்னா படுக்கைப் புண்ணின் முதல் கட்டம் ஆரம்பிச்சாச்சு. நம்ம ஊர் கறுத்த தோலில் சிவப்பு சரியா தெரியாது. அதனால் கண்ணை மட்டும் நம்பாதீங்க. புறங்கையை வச்சுப் பாருங்க, பக்கத்துத் தோலைவிட அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழன்னோ இருக்கும். கொஞ்சம் ஊதா கலந்த கறுப்பாத் தெரியும். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. "ரத்த ஓட்டம் வரட்டும்"னு எண்ணெய் போட்டுத் தேய்க்கிறாங்க, உள்ளே இருக்கும் திசு கிழிஞ்சு போகும்.

புரட்டும்போது முழுசா ஒருக்களிச்சுப் படுக்க வைக்காதீங்க, இடுப்பு எலும்பில் மொத்த எடையும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்ச்சா போதும். இரண்டு முட்டிக்கு நடுவில் ஒரு தலையணை. குதிகால் மெத்தையைத் தொடாம, கெண்டைக்கால் முழுக்கத் தாங்குற மாதிரி நீளமா ஒரு தலையணை. கையுறையில் தண்ணி நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்பதும், நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பதும் வேணாம். அழுத்தம் குறையாது, சுத்தி இருக்கிற ரத்த ஓட்டம் தடைப்படும். வாதம் வந்த பக்கம் படுக்கும் நேரத்தை மற்ற பக்கத்தைவிடக் குறைச்சு வைங்க.

6 | மெஷின்_மெக்கானிக்_வியாசர்பாடி

அழுத்தம் குறைக்கிற மெத்தைன்னு சிஸ்டர் சொன்னாங்களே, அதுல பம்ப் வெச்சுக் காத்து அடிக்கிற ஏர் பெட் பத்தி இதையும் சேர்த்துக்கோங்க. பம்ப்ல எடைக்குத் திருப்புற குமிழ் இருக்கும். முக்கால்வாசி வீட்டுல அதைக் கடைசி வரைக்கும் திருகி வெச்சிருப்பாங்க, பெட் பலகை மாதிரி ஆயிடும். சரியா இருக்கான்னு பாக்க, வால் எலும்புக்கு நேரா ஏர் பெட்டுக்கு அடியில உள்ளங்கை மேல பாக்குற மாதிரி கையை நுழைங்க. கைக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு அங்குலம் காத்து இருக்கணும். எலும்பு கையில இடிச்சா காத்து பத்தல. மேல ஒரே ஒரு காட்டன் விரிப்பு, அதுவும் தளர்வா. ரப்பர் ஷீட், அதுமேல போர்வை, அதுமேல இன்னொரு ஷீட்னு அடுக்கினா பெட் வாங்கினதுக்கு அர்த்தமே இல்ல. நம்ம ஊரு வேர்வைல அது இன்னும் மோசம்.

கரண்ட் போனா காத்து மெல்ல இறங்கும். குழாய் முனைல மூடி இருக்குற மாடல்னா உடனே மூடுங்க, கொஞ்ச நேரம் தாங்கும். இறங்கிடுச்சுன்னா நோயாளி கட்டில் பலகை மேல படுத்திருக்காருன்னு வெச்சுக்குங்க, உடனே புரட்டணும்.

ஆக்சிஜன் மெஷின் இருக்குற வீட்டுக்கு: 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் (காத்துலேர்ந்து ஆக்சிஜன் பிரிக்கிற மெஷின்) ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணு, 12 வோல்ட், கணக்குக்கு 1800 வாட் மணி. கையில கிடைக்கறது அதுல மூணுல ரெண்டு பங்குதான். புது பேட்டரினா 3 மணி நேரம், பழசுன்னா 2. அதனால மெஷினை மட்டும் நம்பாதீங்க, ஒரு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ரெகுலேட்டரோட பக்கத்துல நிக்கணும். அதுல 1500 லிட்டர். நிமிஷத்துக்கு 2 லிட்டர் வெச்சா பன்னிரண்டரை மணி நேரம், 5 லிட்டர்னா 5 மணி நேரம். இதைச் சிலிண்டர் மேலயே ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டுங்க, பதட்டத்துல யாரும் கணக்குப் போட மாட்டாங்க. சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவத்தோட கட்டுங்க. ஸ்பேனர் சிலிண்டர் கழுத்துலயே தொங்கணும்.

மெஷினுக்குச் சுவத்துலேர்ந்து ஒரு அடி இடம் விடுங்க. ஃபில்டரை வாரம் ஒரு தடவை கழுவிக் காய வெச்சுப் போடச் சொல்லுவாங்க. லாரி ஓடுற மணலி ரோடு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஓரத்து வீடுன்னா வாரம் ரெண்டு தடவை. தண்ணி பாட்டில்ல மெட்ரோ தண்ணிய அப்படியே ஊத்தாதீங்க, கொதிக்க வெச்சு ஆறினது இல்ல டிஸ்டில்டு வாட்டர், தினமும் மாத்தணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மெஷினோட ஃபிரிட்ஜ், மிக்ஸி எதையும் சேர்க்காதீங்க.

நெருப்பு விஷயம் கண்டிப்பா தாள்ல வரணும். ஆக்சிஜன் ஓடுற ரூம்ல விளக்கு, சாம்பிராணி, கற்பூரம், கொசுவத்தி எதுவும் கூடாது. பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்து வீட்டுல கொசு இல்லாம இருக்க முடியாது, அதுக்கு வலை கட்டுங்க. மூக்கு காயுதுன்னு வாஸ்லின், தலைவலித் தைலம் தடவாதீங்க, ரெண்டும் எண்ணெய்ச் சரக்கு. தண்ணில கரையற ஜெல் கேட்டு வாங்குங்க.

7 | தெருச்சங்கம்_தண்டையார்பேட்டை

மெக்கானிக் அண்ணே, வெள்ளம் வந்தால்? வியாசர்பாடி, பட்டாளம் பக்கத்துக்கும் இந்தத் தாள் போகும்.

8 | மெஷின்_மெக்கானிக்_வியாசர்பாடி

தரைத்தளத்துல இருக்குற வீடுன்னா அக்டோபர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மேல எந்த வீட்டுக்குப் போறதுன்னு பேசி வெச்சுக்கணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல நாள்கணக்கா தண்ணியும் நின்னுச்சு, கரண்டும் இல்ல. மெஷின், பம்ப் எல்லாம் கட்டில் உயரத்துக்கு மேல. தண்ணி ஏறும்போது மெயினை அணைக்கிறது யாருன்னு பேர் எழுதுங்க. 5 நாளுக்கு மாத்திரை, டயபர், யூரின் பேக், இன்சுலின் தனியா ஒரு மூடி போட்ட பக்கெட்ல. டிஸ்சார்ஜ் சம்மரி பிளாஸ்டிக் கவர்ல, அதே பக்கெட்ல.

எண்ணூர்ப் பக்கத்து வீட்டுக்கு இன்னொண்ணு. அதே 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சுது, ஜனங்க தூக்கத்துலேர்ந்து எழுந்து ஓடினாங்க. நடக்க முடியாதவரைத் தூக்க எத்தனை பேர் வேணும், எந்த வீட்டுப் பசங்க வருவாங்கன்னு முன்னாடியே நம்பரோட எழுதணும். அமோனியா தண்ணில கரையும், அதனால ஈரத்துணிய மூக்குல வெச்சு, காத்து அடிக்கற திசைக்குக் குறுக்கா நகரணும்.

9 | தாங்கல்_பிசியோ

தூக்குவது பற்றிப் பேச்சு வந்ததால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

வலது பக்கம் வராத நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற, நாற்காலியை அவருடைய இடது பக்கம், அதாவது நல்ல பக்கம், கட்டிலோடு சாய்வாகப் போட வேண்டும். இரண்டு பிரேக்கும் போட்டு, கால் பலகையை மடித்து ஒதுக்க வேண்டும். பிரேக் போட்ட பிறகு நாற்காலியை ஒரு தடவை தள்ளிப் பார்க்க வேண்டும். கடல் காற்றில் பிரேக் துருப்பிடித்து, போட்ட மாதிரி தெரிந்தாலும் வழுக்கும். அட்டெண்டர் எதிரில் நின்று, நோயாளியின் வலது முழங்கால் மடங்காமல் தன் முழங்காலால் தாங்கிக்கொள்ள வேண்டும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்து எழுப்ப வேண்டும். நைட்டியையோ வேட்டி முடிச்சையோ பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். வராத கையைப் பிடித்து இழுப்பது மிகப் பெரிய தப்பு. அந்தத் தோள்பட்டையைத் தாங்கும் தசை தளர்ந்திருக்கும், ஒரே இழுப்பில் மூட்டு இறங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் வலி.

நம் பக்கத்துப் பழைய வீட்டு மாடிப்படி குறுகல், திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்குவதை நிறுத்துங்கள். சாய்க்கும்போது மொத்த எடையும் பின்கால் இரண்டில் இறங்கி அது விரிந்து உடையும். இரும்பு நாற்காலி, மார்பிலும் இடுப்பிலும் பட்டை, முகம் இறங்கும் திசையில், தலைப் பக்கம் பலமான ஆள். 108-க்குப் போன் போடும்போதே "இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, நடக்க முடியாது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். சக்கர நாற்காலி வாங்கும் முன் கழிவறைக் கதவை அளந்து பாருங்கள். நாற்காலியின் மொத்த அகலம் பெரும்பாலும் 60 முதல் 65 செ.மீ.

10 | பழைய_கம்பவுண்டர்

மூக்குக் குழாய்க்கு: ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து, சிரிஞ்சில் காற்றைத் தள்ளி, சத்தம் கேட்டால் ஆகாரம் விடலாம். எல்லா இடத்திலும் இதுதான் நடைமுறை. தாளில் சேர்த்துக்கொள்ளவும்.

11 | வார்டுசிஸ்டர்

ஐயா, மன்னிக்கணும், அதைச் சேர்க்கக் கூடாது. குழாய் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றில் கேட்கும். அதை நம்பி ஆகாரம் விட்டு நிமோனியாவில் முடிஞ்ச கேஸ்கள் இருப்பதால்தான் அந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாதுன்னு இப்போ சொல்லிக் கொடுக்கிறோம்.

வீட்டில் செய்ய வேண்டியது: குழாய் போட்ட அன்னிக்கே மூக்கு ஓரத்தில் குழாயில் அழியாத மார்க்கரில் ஒரு கோடு. எத்தனை செ.மீ. என்று தாளில் எழுதணும். ஒவ்வொரு தடவை ஆகாரம் விடும் முன்னும் கோடு அதே இடத்தில் இருக்கா, வாய்க்குள்ளே குழாய் சுருண்டிருக்கா என்று டார்ச் அடிச்சுப் பார்க்கணும். அப்புறம் சிரிஞ்சில் கொஞ்சம் இழுத்து, வரும் நீரை பி.எச். பட்டையில் (அமிலத்தன்மை பார்க்கும் தாள்) விடணும். 5.5 அல்லது அதுக்குக் கீழே இருந்தால் வயிறுதான். அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அளவு கூட வரலாம், அவங்களுக்கு எது சரி என்று டிஸ்சார்ஜ் அன்னிக்கே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்க. கோடு நகர்ந்திருந்தாலோ, இருமல் நிக்காம வந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ ஆகாரம் விடக் கூடாது. ஒரு வேளை பட்டினியால் யாரும் சாக மாட்டாங்க. ஆனால் இன்சுலின் போட்டிருந்தால் இது வேற கதை, கீழே எழுதுறேன்.

தலைப் பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தணும், முடிஞ்சதுக்கு அப்புறமும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஆகாரம் 200 முதல் 250 மி.லி., சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துட்டு தானா இறங்க விடணும், 15 முதல் 20 நிமிஷம். பிஸ்டனால் தள்ளினால் வாந்தி வரும், வாந்தி மூச்சுக்குழாயில் போகும். முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணி. தண்ணி அளவுக்குக் கட்டுப்பாடு இருக்குற நோயாளின்னா டாக்டர் சொன்ன அளவு. ராகிக் கஞ்சி ஆறினால் இறுகிக் குழாயை அடைக்கும், அதனால் நீர்க்கக் கரைச்சு மெல்லிய துணியில் வடிகட்டி வெதுவெதுப்பா விடுங்க. காலையில் காய்ச்சினதைச் சாயங்காலம் வரை மேடையில் வைக்காதீங்க. மாத்திரையைத் தனித்தனியா பொடிச்சு, ஒவ்வொண்ணுக்கும் நடுவில் தண்ணி விடணும். எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று போட்டிருக்கும் மெதுவா கரையும் மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிடும். மாற்று கேளுங்க.

குழாயைப் பிடுங்கிடுறாங்கன்னு கையைக் கட்டில் கம்பியில் கட்டி வைக்கிற பழக்கம் இருக்கு. மணிக்கட்டு வீங்கும், தோல் அறுந்து போகும், கட்டோடு நழுவி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. பஞ்சு வைத்த கையுறை போடுங்க, மூக்கில் பிளாஸ்டர் ஒழுங்கா இருக்கா என்று பாருங்க. வலி, மலச்சிக்கல், டயபர் ஈரம் இருக்கும்போதுதான் அதிகமா பிடுங்குவாங்க.

12 | பழைய_கம்பவுண்டர்

புரிந்தது சிஸ்டர். கோடும் பட்டையும் என்றே போடட்டும். என் பதிவை நீக்க வேண்டாம், அதே நினைப்பில் இருப்பவர்கள் உங்கள் பதிலையும் சேர்த்துப் படிக்கட்டும்.

13 | வார்டுசிஸ்டர்

இன்சுலின். வீட்டில் நடக்கும் தப்புகளில் இது ரொம்பப் பெரியது.

நம்ம ஊரில் இரண்டு வகை இருக்கு. மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 இல்லை, 25 யூனிட். இரண்டரை மடங்கு. மருந்துக்கடையில் "இந்தச் சிரிஞ்ச் இல்லை, இதை வச்சுக்குங்க" என்று மாத்திக் கொடுத்தால் வாங்காதீங்க. பாட்டிலில் இருக்கும் நம்பரும் சிரிஞ்சில் இருக்கும் நம்பரும் ஒண்ணா இருக்கணும். முடிஞ்சால் டாக்டரிடம் பேனா வகை கேளுங்க.

வரிசை மாறக் கூடாது: சுகர் பார், ஆகாரம் கையில் தயாரா இருக்கா பார், குழாய் சரியா இருக்கா பார், அப்புறம்தான் இன்சுலின். நிறைய வீட்டில் இன்சுலினைப் போட்டுட்டு, அதுக்கப்புறம் குழாய் அடைச்சிருக்கு என்று கண்டுபிடிக்கிறாங்க. சுகர் 70-க்குக் கீழே இருந்தால் இன்சுலின் கிடையாது. 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில் கரைச்சு, குழாய் இருந்தால் குழாயில், 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்கணும். நினைவு இல்லாதவங்க வாயில் எதையும் ஊத்தாதீங்க, 108. பேச முடியாத நோயாளி "மயக்கமா இருக்கு" என்று சொல்ல மாட்டாங்க. வேர்வை, கை நடுக்கம், திடீர்னு மந்தம், இதுதான் அவங்க பாஷை.

திறந்த பாட்டிலில் திறந்த தேதி எழுதுங்க, 28 நாள். சுகர் பட்டை டப்பா மூடியை உடனே மூடுங்க, ஈரக்காற்று பட்டால் கணக்கு தப்பும். விரலை ஸ்பிரிட்டில் துடைச்சால் காய விடுங்க.

ஊசியை மூடி போட முயற்சி பண்ணும்போதுதான் கையில் குத்தும். மூடி போடாமலே கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போடணும், முக்கால் நிறைஞ்சதும் மூடி ஒட்டி, ஆஸ்பத்திரியிலோ லேப்பிலோ கொடுக்கணும். மாநகராட்சிக் குப்பை வண்டிப் பைக்குள் போட்டால் அதைப் பிரிக்கிற தூய்மைப் பணியாளர் கையில் குத்தும். டயபரைத் தாளில் சுத்திக் கட்டித் தனியா கொடுங்க.

14 | உரிமைக்குரல்_ராயபுரம்

வேலை செய்பவர் பக்கம் இரண்டு விஷயம். கையில் ஊசி குத்தினால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயன் இல்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை (முதல் நாள், 1 மாதம், 6 மாதம்) போட்டவரா என்று கேளுங்கள். போடாதவர் என்றால் ஏஜென்சி செலவில் போடச் சொல்லுங்கள்.

அவருக்குப் படுக்க இடம், கழிவறை, சாப்பாட்டு நேரம், வார விடுமுறை எல்லாம் எழுத்தில் வர வேண்டும். கேமரா வைத்தால் முன்னரே சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள், டயபர் மாற்றும்போது அதை மறைத்து வையுங்கள், அவர் உடை மாற்றும் இடத்தைப் பார்க்கக் கூடாது. பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டத்தில் வீடும் பணியிடம்தான், அவர் மாவட்ட உள்ளூர்க் குழுவில் புகார் கொடுக்கலாம்.

குடும்பத்தின் பக்கம்: காசு கொடுத்து வாங்கும் சேவை என்பதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பொருந்தும். நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 2 வருஷத்துக்குள். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் வழக்கு நிற்காது, ஆகவே தினசரிப் பதிவேடு முக்கியம். முதியவரை அடிப்பது, பட்டினி போடுவது தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567.

காசு இல்லாத வீடுகளுக்கு: மக்களைத் தேடி மருத்துவம் (2021) திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சை, சுகர், பிரஷர் மாத்திரை வரும். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியச் சொல்லுங்கள்.

15 | தெருச்சங்கம்_தண்டையார்பேட்டை

ஒரு பக்கத்தில் அடங்காது போலிருக்கிறது. முன்பக்கம் யார் எதைச் செய்யலாம் என்பது, நான்கு அவசர எண், புரட்டும் நேரம். பின்பக்கம் குழாய், இன்சுலின். பதிவேடு தனி நோட்டு. யூரின் டியூப்புக்குச் சுருக்கமாக ஒரு பத்தி யாராவது கொடுங்கள். கழிவறை சுத்தம் பற்றியும்.

16 | மேற்பார்வை_மாதவரம்

யூரின் பேக் எப்போதும் உடம்புக்குள் இருக்கும் மூத்திரப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது. நோயாளியை மாற்றும்போது வயிற்றின் மேல் வைப்பார்கள், மூத்திரம் திரும்ப உள்ளே ஓடிக் கிருமி ஏறும். முக்கால் நிறையும் முன் காலி செய்து அளவு எழுத வேண்டும். குழாயும் பேகும் சேரும் மூடின இணைப்பைக் கழற்றக் கூடாது. குழாய் நுழையும் இடத்தைச் சுற்றிலும் சோப்புத் தண்ணீர் போதும், டெட்டால் வேண்டாம். நான்கு மணி நேரமாக ஒரு சொட்டும் வரவில்லை என்றால் குழாய் மடங்கியிருக்கிறதா, தொடைக்கடியில் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். அடிவயிறு உப்பியிருந்தால் உடனே நர்ஸ் அல்லது ஆஸ்பத்திரி. அட்டெண்டர் சிரிஞ்சால் தண்ணீர் அடித்துப் பார்க்கக் கூடாது. குழாய் ரப்பர் வகையா சிலிகோனா, மாற்ற வேண்டிய தேதி என்ன என்று டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்குங்கள்.

கழிவறையில் பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றவே கூடாது. குளோரின் வாயு வரும். ஜன்னல் இல்லாத சின்னக் கழிவறைக்குப் பக்கத்திலேயே கட்டில் இருக்கும் வீடுகளில் அது நேராக நோயாளி மேல்தான் போகும்.

நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் நேரம், என்ன செய்தது, அளவு, கையெழுத்து. சாயங்காலம் மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் எல்லா வரியும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருக்கும், பார்த்த உடனே தெரியும். வீட்டில் ஒருவர் தினமும் இரவு கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

17 | வார்டுசிஸ்டர்

நோட்டு அச்சடிக்கும்போது ஒரு திருத்தம். இன்சுலின் கட்டத்தில் "யூனிட்" என்று தமிழில் முழுசா முன்னாடியே அச்சிட்டு, நம்பருக்கு மட்டும் இடம் விடுங்க. ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்துப் போட்டால் அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யமாத் தெரியும். 6 யூனிட், 60 ஆயிடும்.

18 | தெருச்சங்கம்_தண்டையார்பேட்டை

மாற்றிவிட்டோம் சிஸ்டர். மாத்திரை கட்டத்திலும் "மி.கி." முன்கூட்டியே அச்சாகிறது. வரைவை ஞாயிற்றுக்கிழமை இங்கேயே போடுகிறோம். மெக்கானிக் அண்ணனும் பிசியோவும் ஒருமுறை பார்த்துக் கொடுத்த பிறகுதான் அச்சுக்குப் போகும்.